திங்கட்கிழமைத் தண்ணீர்

கைபாரியென்,
மார்ச் மாதக் கடைசி

என் செல்ல மகள் மைலினுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஆல்பாவும் அந்த ஊர்க் குளிரில் சளியும் இருமலும் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நானும் உன் அம்மாவும் கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு, எழுந்து நடமாடுகிற அளவுக்குச் சுகமாகத்தான் இருக்கிறோம். நீ அனுப்பிய பார்சல் வந்தது. இரத்த அழுத்த மாத்திரை டாக்டர் சொன்ன அதே மாத்திரைதான். காப்பித்தூளை உன் அம்மா அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள், விருந்தாளி வந்தால்தான் திறப்பாளாம், இந்த வீட்டுக்கு நான் எப்போது விருந்தாளி ஆவேன் என்று தெரியவில்லை. அவளுக்கு வலது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, வெயில் ஏறினால் குறையும் என்கிறார்கள். போனில்தான் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் பாதி வார்த்தை கடலில் விழுந்துவிடுகிறது, மீதிப் பாதியை உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறாள். இது அப்படி அரையும் குறையுமாகச் சொல்லுகிற விஷயம் இல்லை. பக்கத்து வீட்டு ஒன்டினாவின் மருமகன் அடுத்த வாரம் மாட்ரிட் வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கப்போகிறேன். எடுத்த எடுப்பிலேயே கேட்டால் அப்பாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று பயந்துபோவாய், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் தாவாமல் படி.

மீன்தொட்டியை மறுபடி வைத்துவிட்டேன். ஆமாம், அதே தொட்டிதான், ஜன்னல் கண்ணாடியை அறுத்து ஒட்டி நானே செய்தது, உன்னிடம் இருக்கிற போட்டோவில் உன் அண்ணன் ரெய்னெல் பக்கத்தில் நின்று இளிக்கிறானே, அந்தத் தொட்டி. அவன் அந்த ஆகஸ்டு மாதம் இரண்டு கூட்டாளிகளோடு லாரி டியூப்பையும் பலகையையும் தெப்பமாகக் கட்டி, அக்கரை நாட்டில் பிழைக்கலாம் என்று கடலில் இறங்கிப் போனானே, அதற்குப் பிறகு வீட்டில் தண்ணீர் தேங்கி நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. மீன்களை எலியேசெரிடம் கொடுத்துவிட்டுத் தொட்டியை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன், பதிமூன்று வருஷம் அதில் கோழிக்கான சோளம் கிடந்தது. இந்த வருஷம் துறைமுக ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நல்ல கதவைக் கழற்றி மாட்டினேன், ஓடுகிற கடிகாரத்தைப் பிரித்து நிறுத்தினேன். உன் அம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், கிழவா, வண்டியில பூட்டாத குதிரை மாதிரி வீட்டுக்குள்ள சுத்தி சுத்தி வராத, போய் அந்தத் தொட்டியையாவது கொண்டா என்றாள். அவள் வாயிலிருந்து அது வரும் என்று நான் நினைக்கவே இல்லை. இரண்டாம் முறை யோசிப்பதற்குள் நான் மாடியில் இருந்தேன். சோளத்தைக் கொட்டி, கழுவி, பழைய பசையைச் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டி, ஆற்று மணலைக் கொதிக்கவைத்துப் பரப்பி, கூடத்தில் அதே சுவரோரமாக வைத்தேன். எலியேசெர் இன்னும் அதே வீட்டு மாடியில்தான் பழைய குளிர்சாதனப் பெட்டிகளையும் குளியல் தொட்டிகளையும் வரிசையாகப் போட்டு மீன் வளர்க்கிறான். என்னைப் பார்த்ததும், வாங்க பெருசு, கோழிக்குத் தீனி போட்டு அலுத்துப்போச்சா, அது பேசவும் இல்லை நீந்தவும் இல்லையா என்று கிண்டல் பண்ணினான். கொஞ்சம் கப்பி, கொஞ்சம் கறுப்பு மோலி, ஆசைக்கு ஒரு ஜோடி ஏஞ்சல் கொடுத்தான். தண்ணி ஊறட்டும் பெருசு, அவசரப்படாத என்று அவன் சொன்னதை, எனக்கே சொல்லித்தர வந்துட்டியா என்று தள்ளிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் பாதி மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது. குழாயில் இப்போது வருகிற தண்ணீரில் குளோரின் மூக்கைத் துளைக்கிறது, அதை மறந்துவிட்டேன். நல்லவேளையாக ஏஞ்சல் ஜோடி பிழைத்துக்கொண்டது.

தண்ணீரை ஒரு வாரமாவது திறந்து வைத்தால்தான் குளோரின் போகும், இது உனக்கே தெரியும். ஆனால் தண்ணீர் வருவதே என்றைக்கோ ஒருநாள், வருகிற அன்றைக்கு எல்லா வாளியும் எல்லா அண்டாவும் குடிக்கவும் குளிக்கவுமே போதவில்லை. ஒரு தடவை எப்படியோ மாடித் தொட்டியில் ஊறவைத்து நிரப்பிவிட்டேன், அதற்குப் பிறகு வாராவாரம் வெயிலில் வற்றுகிறதை எதைக்கொண்டு ஈடுகட்டுவது? இந்த வீட்டில் எப்போதும் அசையாமல் நிற்கிற தண்ணீர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. உன் அம்மாவின் வெள்ளைத் துணி மேசையில், செத்துப்போனவர்களுக்கு வைக்கிற கிளாஸ்களில். உன் தாத்தா பாட்டிகளுக்கு, என் தங்கை எல்டாவுக்கு, அம்மாவின் மாமாவுக்கு, பேர் தெரியாதவர்களுக்கு என்று ஏழு கிளாஸ். கொசு ஒழிப்புக்காரன் வந்து தெருவில் இருக்கிற பூச்சாடியை எல்லாம் கவிழ்த்துவிட்டுப் போனான், அந்தக் கிளாஸ்களைத் தொட மட்டும் அவனுக்குத் தைரியம் வரவில்லை, உன் அம்மா துடைப்பத்தோடு நின்றாள். திங்கட்கிழமை தோறும் பழைய தண்ணீரை வாசலில் நின்று தெருவில் ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் வைப்பது அவள் வழக்கம். இந்த வருஷம் முழங்கால் வலியால் ஊற்றுகிற வேலை என்னிடம் வந்தது. தட்டில் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிற வழியில்தானே மீன்தொட்டி. ஒரு வாரம் ஊறின தண்ணீர், ஒன்டினா வீட்டில் போல வாசனைத் தைலச் சொட்டெல்லாம் உன் அம்மா விடமாட்டாள், மீனுக்கு அதைவிட நல்ல தண்ணீர் ஊரில் கிடையாது. எனக்கு இந்த ஆவி சமாச்சாரத்தில் நம்பிக்கை கிடையாது என்பதும் உனக்குத் தெரியும். தெருவில் ஊற்றி யாருக்கு என்ன லாபம் என்று தொட்டியில் ஊற்றினேன். அடுத்த திங்கட்கிழமையும் ஊற்றினேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

ரெய்னெலுக்கு அந்த மேசையில் கிளாஸ் கிடையாது. அதைப் பற்றி நாம் யாரும் பேசுவதில்லை, ஆனாலும் இப்போது பேசித்தான் ஆகணும். அவன் போய் இரண்டாம் வருஷம், ஒன்டினா ஆறுதல் சொல்கிற மாதிரி வந்து, புள்ளைக்கு ஒரு கிளாஸ் வை மிக்டாலியா, தாகத்தோட அலைவான் என்று சொல்லப்போக, உன் அம்மா, எம் புள்ள செத்ததை நீ பாத்தியா, யாராவது பாத்தாங்களா, கிளாஸ் வெச்சா நானே அவனைத் தண்ணிக்குள்ள தள்ளின மாதிரி என்று கத்தியதும், அன்றிலிருந்து இரண்டு பேரும் முகம் பார்க்காததும் நீ அறிந்ததுதான். வேலியோரம் துணி உலர்த்தும்போதுகூட ஒருத்தி உள்ளே போன பிறகுதான் இன்னொருத்தி வெளியே வருவாள்.

இனிமேல் சொல்வதைச் சிரிக்காமல் படி. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இங்கே இப்போது கரண்டு போகிறது. கரண்டு போனால் காற்றுக் குழாய் நின்றுவிடும், மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும், நான் கரண்டியால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில வாரம் கழித்து கவனித்தேன், மீன் மேலே வரவே இல்லை. குழாய் நின்றிருந்தது, ஆனால் கண்ணாடி முழுக்க உள்பக்கமாகப் பொடிப்பொடியாகக் குமிழி, அம்மாவின் கிளாஸ்களில் ஒட்டியிருக்குமே, அதே மாதிரி. வெயிலுக்கு அப்படி ஆகும் என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம் மீன்கள் எல்லாம் இடது மூலையில் போய்க் கூடத் தொடங்கின, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, தீனி போடுகிறவன் வந்து நின்றால் எப்படிக் கூடுமோ அப்படி. அங்கே யாரும் இல்லை. நான் வலது பக்கம் நின்று கையை ஆட்டுகிறேன், கப்பி என்பது எவன் கை அசைந்தாலும் சாப்பாடு என்று ஓடிவருகிற முட்டாள் ஜென்மம், ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கூட்டமாக நகர ஆரம்பித்தன. கூடத்தில் யாராவது நடந்தால் வளர்ப்பு மீன் கூடவே வருமே, அந்த வேகத்தில், இடது மூலையிலிருந்து சமையலறைப் பக்கமாக. நடுவில் ஓரிடத்தில் நின்றன. ரொம்ப நேரம் நின்றன. பிறகு மறுபடி நடந்து கடைசி வரை போய்த் திரும்பி வந்தன. அவை நின்ற இடத்துக்கு நேர் எதிரே சுவரில் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும், முகம் பார்க்கிற கண்ணாடி. இந்த வீட்டில் அதைக் கடக்கும்போதெல்லாம் நின்று தலை சீவாமல் நகராதவன் ஒருத்தன்தான் இருந்தான். சீவி முடித்து அந்தச் சீப்பாலேயே தொட்டியின் இடது மூலையில் தட்டி மீனைக் கூப்பிடுவான், நீகூடத் திட்டுவாய், சீப்பு எண்ணெயெல்லாம் கண்ணாடியில ஆகுதுடா என்று. இந்த மீன்கள் அவனைப் பார்த்ததே இல்லை மகளே. எலியேசெர் மாடியில் போன வருஷம் பிறந்தவை. கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

உன் அம்மாவிடம் சொல்லவில்லை. கண்ணாடியின் வெளிச்சம் தொட்டியில் விழுகிறது, அதைத்தான் மீன் துரத்துகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒருநாள் கண்ணாடியைத் துணி போட்டு மூடினேன். மீன்கள் அதே இடத்தில் நின்றன, முன்னைவிட அதிக நேரம். பாவமாக இருந்தது, துணியை எடுத்துவிட்டேன். பிறகு தண்ணீர் ருசி பார்த்தேன், பழைய பழக்கம், தொட்டியில் ஏதாவது சரியில்லை என்றால் விரலை நனைத்து நாக்கில் வைப்பேன். உப்பு. எலியேசெரைக் கூட்டிவந்தேன். அவனும் நக்கிப் பார்த்துவிட்டு, என்ன பெருசு, கடல்ல மொண்டு ஊத்துனியா, மோலி தாங்கும், கப்பிகூடத் தாங்கும், இந்த ஏஞ்சல் எப்படி உசுரோட இருக்கு என்று கேட்டான். கிளாஸ் தண்ணீரை ருசி பார்த்தோம், உப்பே இல்லை. மணலைக் கிளறினோம், வெறும் ஆற்று மணல். அவன் அதற்குமேல் கிண்டல் பண்ணவில்லை. காப்பிகூட வேண்டாம் என்று போய்விட்டான், உன் அம்மா அதிசயமாக அலமாரியைத் திறக்கப் போன நேரத்தில்.

அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டாள். கரண்டு போனதும் ஆடுநாற்காலியைக் கொண்டுவந்து தொட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொள்வாள், பீன்ஸ் பொறுக்குவது ஒரு சாக்கு. ஒருநாள் பார்த்தால் நாற்காலியைச் சுவரோரமாக ஒதுக்கிப் போட்டிருந்தாள். ஏன் என்றேன். வழியில இருக்குல்ல என்றாள். அந்த வழியில் நடக்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மரவள்ளிக்கிழங்கு வேகவைத்தால் ஒரு துண்டு கூடுதலாக வைத்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது, உன் அண்ணன் போனதிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு. அது எனக்குச் சந்தோஷமாக இருக்கவேண்டும், ஆனால் பயமாக இருந்தது. ராத்திரிச் சாப்பாடு குறைந்தது, என்னோடு சண்டை போடுவது குறைந்தது, நான் பேசினால் அடுத்த அறையில் இருக்கிறவள் மாதிரி பதில் சொன்னாள். அவளும் கைநழுவிப் போய்விடுவாளோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. அந்த மேசையை நம்பாத நான், போய் ஒன்டினாவின் கதவைத் தட்டினேன்.

ஒன்டினாவை உனக்குத் தெரியும், கழுவுகிற மீனில் நழுவுகிற மீன், எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லமாட்டாள். வந்தவள் நம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தொட்டியைப் பார்த்தாள், மீன் நடப்பதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து, திங்கக்கிழமைத் தண்ணிய எங்க ஊத்துற என்றாள். சொன்னேன். அட பாவி மனுஷா, தண்ணிக்கு வந்தவங்க அவங்க பாரத்தை அந்தத் தண்ணியிலதான் எறக்கி வைப்பாங்க, அது வாசலைத் தாண்டிப் போகணும்னுதானே தெருவுல ஊத்துறது, நீ என்னடான்னா ஒரு சொட்டு வெளிய போகாம சேத்து வெச்சிருக்க, ஊர்லயே பெரிய கிளாஸை உன் வீட்டுக் கூடத்துல வெச்சுட்டு என்கிட்ட வந்து கேக்குற என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். யாருக்கு வைத்த கிளாஸ் என்று நான் கேட்கவில்லை. அதற்குள் சமையலறையிலிருந்து உன் அம்மா காலை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சண்டை வெடிக்கப்போகிறது என்று நான் நடுவில் போய் நின்றேன். உன் அம்மா என்னை ஒதுக்கிவிட்டு, உள்ள வா ஒன்டினா, எத்தனை வருஷம் வாசல்லயே நிப்ப என்றாள். ஒன்டினா மீன் கூட்டம் இருந்த பக்கத்தைப் பார்த்து, யாருக்கோ வழிவிடுகிற மாதிரி ஓரமாக நடந்து வந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், உசுரோட இருக்கிறவங்க தண்ணிக்கு வருவாங்களா? நான் வேண்டிக்கொண்டேன் மகளே, யாரிடம் என்று தெரியாமல் வேண்டிக்கொண்டேன், இந்த ஒருதரமும் ஒன்டினா எப்போதும்போல நழுவட்டும் என்று. வரமாட்டாங்க மிக்டாலியா என்றாள் ஒன்டினா.

அம்மா அழவில்லை. அலமாரியைத் திறந்து, கல்யாணத்துக்கு வந்த கிளாஸ்களில் ஒன்றை எடுத்துத் துடைத்தாள். தொட்டியின் இடது மூலைக்குப் போய்க் கையை முழங்கை வரை விட்டு மொண்டாள். மீன்கள் விலகி ஓடவில்லை, எல்லாம் அந்தக் கிளாஸைச் சுற்றி வந்து நின்றன, அவள் கையைத் தூக்கத் தூக்கக் கூடவே மேலே வந்தன. அவள் கிளாஸை எடுத்துக்கொண்டு மேசைக்கு நடந்தாள், நாங்கள் தாங்கப் போனால் விடவில்லை. ஏழு கிளாஸுக்குப் பக்கத்தில் எட்டாவதாக வைத்துவிட்டு, குடிப்பா, எவ்வளவு தூரம் வந்திருக்க என்றாள். அவ்வளவுதான். தொட்டியில் மீன்கள் கலைந்து, ஒன்று மேலே ஒன்று கீழே என்று அதது இஷ்டத்துக்கு நீந்த ஆரம்பித்தன. நான் எங்கே போகிறேன் என்று தெரியாமல் சமையலறைப் பக்கம் நடந்தேன், அவை என் பின்னால் வந்தன. சாப்பாடு கேட்டு என் பின்னால்தான் வந்தன. அப்போதுதான் நான் அழுதேன், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து. இரண்டு கிழவிகளும் என்னைப் பிடித்து உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள், கடைசியில் நானும் விருந்தாளி ஆகிவிட்டேன்.

இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், மத்தியானம் தூங்குகிறாள், என்னைப் பழையபடி திட்டுகிறாள். ஒன்டினாவும் அவளும் வேலியோரம் நின்று ஊர் வம்பு பேசுகிறார்கள். ஏஞ்சல் ஜோடி இலையில் முட்டை வைத்திருக்கிறது. தொட்டித் தண்ணீரில் உப்பு போய்விட்டது, எலியேசெரும் வந்து ருசி பார்த்தான். திங்கட்கிழமைத் தண்ணீரை இப்போது நான் ஒழுங்காகத் தெருவில்தான் ஊற்றுகிறேன், அந்த எட்டாவதை மட்டும் அம்மா என்னிடம் விடுவதில்லை, முழங்கால் வலித்தாலும் அவளே எடுத்துக்கொண்டு போகிறாள். குழாயில் பிடித்த நல்ல தண்ணீர்தான் வைக்கிறோம். போன திங்கட்கிழமை அவள் எழுந்து வருவதற்குள் நான் அதில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பு கரித்தது. அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் வாசலில் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது தன் விரலை நக்கியதைப் பார்த்தேன், அவளும் என்னிடம் சொல்லவில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நீ ஊரைவிட்டுப் போகும்போது அந்தப் போட்டோவைச் சட்டத்தோடு கழற்றி எடுத்துக்கொண்டாய். இங்க இருந்தா என்னைக்காவது யாராவது அந்த மேசை மேல வெச்சுடுவாங்கப்பா என்றாய். நானே அன்றைக்கு அதைப் பெட்டியில் துணிக்கு நடுவே பத்திரமாக வைத்துக் கட்டிக்கொடுத்தேன். அதை இப்போது ஒன்டினாவின் மருமகனிடம் கொடுத்தனுப்பு. நீ வேண்டுமானால் அதைப் பார்த்து இன்னொன்று எடுத்து வைத்துக்கொள். மனசு கனத்தால் தனியாக அழாதே, மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது அழு. ஆல்பாவுக்கு மீன்தொட்டி வேண்டும் என்று நச்சரிக்கிறாள் என்றாயே, வாங்கிக்கொடு, சின்னதாக இருக்கட்டும், தண்ணீரை ஊறவைக்காமல் மீனை விடாதே. மூன்று பேருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, நோய்நொடி இல்லாமல், வாசலுக்கு வெளியே போன எல்லாரும் வீட்டுக்குத் திரும்பி வருகிற மாதிரி நன்றாக இருங்கள்.

என்றும் உன்
அப்பா எவெலியோ

மறக்காதே: போட்டோவைச் சின்னச் சட்டத்துக்காக வெட்டிவிடாதே, அப்படியே அனுப்பு. சட்டைப் பையில் சீப்பு தெரியவேண்டும் என்று உன் அம்மா சொல்லச் சொன்னாள்.